சேவலுக்கு மூன்று அடையாளம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால், "எங்கள் ஊரையா சொல்கிறாய்?" என்று எவராவது கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வந்து மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கதையே.

அந்த ராஜ்யத்து அரசர் நல்லவர். ஒரே ஒரு கிறுக்கு மட்டும் அவருக்கு உண்டு. மதியச் சாப்பாடு முடித்து, வெற்றிலை போட்டு, சபையில் திண்டில் சாய்ந்தால் ஒரு கதை வேண்டும். அதுவும் புத்தம்புதுக் கதை. ஏற்கெனவே கேட்ட கதையை எவராவது எடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் குறட்டை கிளம்பிவிடும். அரசர் உறங்கும்போது யாரும் உட்காரக் கூடாது, நகரவும் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். ஆகவே கதை பழசாகப் போனால் பெரிய மனிதர்கள் எல்லாரும் சாயங்காலம் வரை கால் கடுக்க நிற்க வேண்டியதுதான்.

இந்தத் தொல்லையிலிருந்து சபையைக் காப்பாற்றியவன் விகடகவி ஆபத்சகாயம். ஆள் குட்டை, வாய் ஏழு முழம். தினம் ஒரு புதுக்கதை சொல்லுவான். அரசர் கண் சிமிட்டாமல் கேட்பார்.

புதுக்கதை என்ன வானத்திலிருந்தா இறங்கும்? சபையில் நடப்பதையே எடுத்து, மீசை இருந்த இடத்தில் கொண்டையை வைத்து, தலைப்பாகை இருந்த இடத்தில் கொம்பை வைத்து, காட்டுக்குள் ஓட்டிவிடுவான். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சூரணத்தைக் கொடுக்கும் அரண்மனை வைத்தியர் தில்லைவனம், அவன் கதையில் குளத்து மீனுக்கெல்லாம் மருந்து தருகிற கொக்கு ஆனார். அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்கள் சபையில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனார்கள். இவன் கதை சொல்வதால்தான் தங்கள் கால் பிழைக்கிறது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நன்றி என்பது அரண்மனைகளில் அவ்வளவாக விளைவதில்லை.

ஒருநாள் காலையில் ஆபத்சகாயம் ஏரிப் படித்துறையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருந்தான். கரையைப் பார்த்தால், படியில் கழற்றி வைத்த அவனுடைய வேட்டியை ஒரு வெள்ளாடு மென்றுகொண்டிருந்தது.

"ஏய், ஏய்! யாருடைய ஆடு இது?" என்று அலறினான்.

ஆட்டின் பின்னால் கையில் துரட்டிக் கம்போடு ஒரு பெண் நின்றாள். தழை ஒடித்து ஒடித்துக் காய்த்துப்போன கைகள்.

"என்னுதுதான் ஐயா. எம் பேரு சிலம்பாயி. கோவிச்சுக்காதீங்க. அதுக்குப் பசி. மேய்ச்சல் நெலம் போயிருச்சு, கண்டதைக் கடிக்குது."

"வேட்டியை முதலில் அதன் வாயிலிருந்து எடு தாயே. பிறகு பேசலாம்."

பாதி வேட்டிதான் திரும்பி வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்தான். சிலம்பாயி நடந்ததைச் சொன்னாள்.

ஊருக்கு மேற்கே ஓணான்கரடு என்று ஒரு சிறு குன்று. நாலு தலைமுறையாக அவளுடைய ஆட்கள் ஆடு மேய்க்கும் இடம் அது. போன தையில் ஒரு கிழட்டுப் புலி அங்கே வந்து ஆடுகளைப் பிடிக்க ஆரம்பித்தது. அதைக் கொல்ல அரசர் சேனாதிபதி மல்லப்பரை நாற்பது வீரர்களோடு அனுப்பினார். மல்லப்பர் வீரர்களை அடிவாரத்தில் சமையலுக்கு நிறுத்திவிட்டு, "ஒரு புலிக்கு நாற்பது பேரா? நான் ஒருவன் போதும்" என்று தனியாக மேலே ஏறினார். புலியைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினார். அதாவது மரத்தில்.

"புலி மரத்தச் சுத்திச் சுத்தி வந்துச்சு ஐயா. நான் முன்னாடியே அங்கன குழி வெட்டித் தழை மூடி வச்சிருந்தேன். அதுல விழுந்துச்சு. கடப்பாரையால குத்தினேன். அவரு எறங்கி வந்தாரு. 'பொண்ணே, ராசாகிட்ட ஒன் பேரச் சொல்றேன்'னாரு. நானும் நம்பிப் புலியத் தூக்கிக் குடுத்தேன்."

மீதி ஆபத்சகாயத்துக்கே தெரியும். சபையில் புலித்தோலை விரித்துப் போட்டு, கட்டிப் புரண்டு வாளால் குத்தியதாக மல்லப்பர் சொன்னார். அரசர் மகிழ்ந்து 'புலிக்குத்தி' என்ற பட்டத்தையும், புலி விழுந்த அந்தக் குன்றையும் அவருக்குக் கொடுத்தார்.

"இப்ப குன்றச் சுத்தி முள்ளு வேலி. 'இது வீரபூமி, இங்க ஆட்டுப் புழுக்கை விழக் கூடாது'ன்னு காவல் போட்டிருக்காரு. ரெண்டு குட்டி செத்துப்போச்சு ஐயா. இன்னும் பத்து நாள் போனா ஒண்ணும் மிஞ்சாது." அவள் அழவில்லை. அழுது முடித்தவள்போல் இருந்தாள்.

"சபையில் வந்து முறையிட வேண்டியதுதானே?"

"எனக்கு யாரு சாட்சி? செத்த புலியா?"

விகடகவிக்குக் கோபம் வராது என்று நினைப்பவர்கள் ஆபத்சகாயத்தை அந்த நேரம் பார்த்திருக்க வேண்டும். கிழிந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"தாயே, முறையீட்டுக்குத்தான் சாட்சி வேண்டும். கதைக்கு வேண்டாம். அந்த மரத்தடியில் நீ பார்த்ததை ஒன்று விடாமல் சொல். நாளை மறுநாள் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வா. கூப்பிட்டால் பயப்படாமல் உள்ளே வர வேண்டும்."

"புலியவே பாத்துட்டேன். மனுசனுக்கா பயப்படுறேன்?" என்றாள் சிலம்பாயி.

மறுநாள் மதியம் அரசர் திண்டில் சாய்ந்தார். ஆபத்சகாயம் ஆரம்பித்தான்.

"அரசே, ஒரு காட்டில் ஒரு சேவல் இருந்தது. கொண்டை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அந்தக் காட்டுக்கு ஒரு காட்டுப்பூனை வந்தது. அதை ஒழித்துவிட்டு வா என்று காட்டு ராஜா சேவலை அனுப்பினார். சேவல் பூனையைப் பார்த்தது. உடனே பறந்துபோய் ஒரு மரத்தில் உட்கார்ந்துகொண்டது. கீழே ஒரு பெட்டைக்கோழி. அது காலால் கிளறி வைத்திருந்த பள்ளத்தில் பூனை கால் இடறி விழ, பெட்டை கொத்தியே கொன்றது. சேவல் இறங்கி வந்து பூனையை இழுத்துக்கொண்டு போய், 'நான் கொன்றேன்' என்று கூவியது. ராஜா மகிழ்ந்து, கோழிகள் இரை பொறுக்கும் குப்பைமேட்டைச் சேவலுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். இப்போது சேவல் மேட்டின்மேல் நிற்கிறது. கோழிகள் பட்டினி கிடக்கின்றன."

"பிறகு?" என்றார் அரசர், நிமிர்ந்து உட்கார்ந்து.

"பிறகு நடந்தது இன்னும் நடக்கவில்லை அரசே. நாளைக்குச் சொல்லுகிறேன்."

சபை முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மல்லப்பரின் முகம் சிவந்தது. வைத்தியர் தில்லைவனம் அவர் காதருகே குனிந்தார். "சேனாதிபதியாரே, நான் கொக்கானபோது நீங்களும் சிரித்தீர்கள். இப்போது உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவன் நம் எல்லாருடைய வாழ்க்கையையும் திருடி விற்கிறான். திருட்டுக் குற்றமாகவே கொண்டுபோங்கள். கூட நான் இருக்கிறேன்."

ஊதிவிட்டால் எரியாத நெருப்பா? மறுநாள் காலையில் சபை கூடியதும் மல்லப்பர் எழுந்து நின்றார்.

"அரசர்பெருமானே! இந்த விகடகவி என் வாழ்வில் நடந்ததைத் திருடி, திரித்துக் கதையாக்கி, என்னைச் சேவலாக்கிவிட்டான். இது திருட்டு. இவன் வாயைக் கட்டி, இன்று பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு ஓட்ட வேண்டுகிறேன்."

அரசருக்குத் தர்மசங்கடம். கதைக்காரன் போய்விட்டால் மதியப் பொழுது பாழ். ஆனால் புலி கொன்ற வீரர் கேட்கிறார். "ஆபத்சகாயம், குற்றம் உறுதியானால் நீ போகத்தான் வேண்டும். என்ன சொல்கிறாய்?" என்றார்.

ஆபத்சகாயம் கைகட்டி நின்றான். "திருட்டு என்று சேனாதிபதி சொன்னால் திருட்டாகவே விசாரியுங்கள், அரசே. பிறர் பொருள் கைக்கு வந்தால் விசாரிக்க உங்கள் பாட்டனார் காலத்து முறை ஒன்று இருக்கிறதே. கொண்டித்தொழு முறை."

பயிரில் மேய்ந்த மாட்டையும் வழிதவறிய மாட்டையும் பிடித்து அடைக்கிற இடம் கொண்டித்தொழு. என் மாடு என்று மீட்க வருகிறவன் மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, தொழுக்காரன் வெளியே சொல்லாத மூன்று அடையாளங்களைச் சொல்ல வேண்டும். காதில் கிழிசல், வாலில் வெள்ளை மயிர், இப்படி. சொல்லிவிட்டால் மாடு அவனுடையது. சொல்ல முடியாவிட்டால், வேறு யாராவது உண்டா என்று தொழுக்காரன் வாசலைப் பார்த்து மூன்று முறை கூவ வேண்டும். சண்டைக்கு இடமே இல்லாத முறை. அரசருக்குத் தம் பாட்டனார் பெயரில் வந்த எதுவும் பிடிக்கும்.

"நல்லது. மாட்டை எங்கே அடைத்திருக்கிறாய்?" என்றார்.

"இதோ, என் வாயில். மாடில்லை, சேவல். நேற்று நான் சொன்னதில் மூன்று அடையாளங்களைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அவற்றை இந்த ஓலையில் எழுதியிருக்கிறேன்." நூலால் சுற்றிக் கட்டிய ஓலையை அரசர் கையில் கொடுத்தான். "சேனாதிபதி எனக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். சேவல் ஏறியது என்ன மரம், ஏறியபோது என்ன ஆயிற்று, மேலே உட்கார்ந்து என்ன செய்தது, சொல்லட்டும். மூன்றும் சரியானால் கதை அவருடையது. நானே என் வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்."

மல்லப்பர் மனதுக்குள் கணக்குப் போட்டார். சரியாகச் சொன்னால் மரம் ஏறியது தாம்தான் என்று ஆகும். தப்பாகச் சொன்னால் பொய் முறையீடு. வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார். வைத்தியர் உத்தரத்தில் இருந்த பல்லியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்... நான் எந்த மரத்திலும் ஏறியதில்லை. அந்தக் கதை என்னுடையது அல்ல!" என்றார் மல்லப்பர்.

"அப்படியென்றால் சேவலும் நீர் அல்ல," என்றார் அரசர்.

"நிச்சயமாக அல்ல!" என்று சொல்லி மல்லப்பர் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

"நன்றி ஐயா. என் தலை தப்பியது," என்று ஆபத்சகாயம் அவரை விழுந்து கும்பிட்டான். "ஆனால் அரசே, முறை இன்னும் முடியவில்லை. உடையவர் இல்லாத உருப்படிக்கு மூன்று முறை கூவ வேண்டும்."

"எதற்கு அரசே வீண் வேலை? முறையீட்டைத்தான் விட்டுவிட்டாரே," என்றார் வைத்தியர் அவசரமாக.

"முறை என்றால் முறைதான்," என்றார் அரசர். அவருக்குக் கதையின் மீதியும் தெரிய வேண்டியிருந்தது.

ஆபத்சகாயம் வாசல் பக்கம் திரும்பி, "சேவல் கதைக்கு உடையவர் உண்டா?" என்று மூன்று முறை உரக்கக் கூவினான். மூன்றாவது கூவலுக்கு வெளியே ஆடுகள் கத்தின. சிலம்பாயி துரட்டிக் கம்போடு உள்ளே வந்தாள்.

"கும்புடுறேன் மகாராசா. சேவல் யாருதுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொட்டைக்கோழி நான்தான்."

வந்தவள் ஆபத்சகாயத்துக்கு முதுகைக் காட்டி, அரசரைப் பார்த்து நின்றாள்.

"அடையாளம் சொல், அம்மா," என்றார் அரசர், ஓலையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

"அது இலுப்ப மரம் மகாராசா. குன்று மேல ஒத்தையா நிக்கிற மரம்."

அரசர் ஓலையைப் பார்த்தார். "சரி."

"ஏறும்போது எடது காலு செருப்பு கெளைக் கவட்டையில மாட்டிக்கிச்சு. காலை உருவிக்கிட்டு மேல போயிட்டாரு. செருப்பு இன்னிக்கும் அங்கனதான் தொங்குது. காக்கா கூடு கட்டப் பாக்குது."

"சரி," என்றார் அரசர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. ஓலையில் அடுத்த வரியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"மேல உக்காந்துக்கிட்டு, 'ஐயோ அம்மா, ஐயோ அம்மா'ன்னு பெத்தவளக் கூப்பிட்டாரு. பாவமா இருந்துச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன். இருபது தடவ."

"புளுகு!" என்று பாய்ந்து எழுந்தார் மல்லப்பர். "ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன்!"

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. மல்லப்பர் மெல்ல உட்காரப் பார்த்தார். ஆசனம் பின்னால் தள்ளிப் போயிருந்தது.

அரசர் ஓலையை உயர்த்தி, எல்லாரும் கேட்கப் படித்தார். "முதல் அடையாளம், இலுப்பை மரம். இரண்டாவது, கவட்டையில் தொங்கும் இடது செருப்பு. மூன்றாவது அடையாளத்தைச் சேவலுக்கு உடையவரே தம் வாயால் சொல்லுவார்."

அவ்வளவுதான். அரசர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு உருண்டது. இருபதா ஒன்றா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சேனாதிபதி சொன்ன கணக்கையே நாமும் வைத்துக்கொள்வோம்.

"இவன் பொய்க்காரன், அரசே! கதை கட்டிச் சதி செய்துவிட்டான்!" என்று மல்லப்பர் ஆபத்சகாயத்தைக் கைகாட்டினார்.

ஆபத்சகாயம் அதுவரை விகடமாகத்தான் நின்றிருந்தான். இப்போது நேராக நிமிர்ந்தான். "ஐயா, நான் நடந்ததை எடுத்துக் கதை என்று சொன்னேன். நீங்கள் கதையைக் கட்டி நடந்தது என்று சொன்னீர்கள். என் கதையைக் கேட்டு யாருடைய ஆட்டுக்குட்டியும் சாகவில்லை."

அரசரின் சிரிப்பு நின்றது. வாசலில் ஆடுகள் கத்துவது நன்றாகக் கேட்டது. அவர் உடனே தீர்ப்புச் சொன்னார். 'புலிக்குத்தி' பட்டம் சிலம்பாயிக்கு. ஓணான்கரடு அவளுக்கும் அவளுடைய ஆட்களுக்கும். முள்வேலியை மல்லப்பரின் காவலாட்களே இன்று பிடுங்க வேண்டும்.

"மல்லப்பரே, நீரும் கூடப் போய் உம் செருப்பை இறக்கிக்கொண்டு வாரும். மரம் ஏற உமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை," என்றார். பிறகு பக்கத்தில் திரும்பி, "வைத்தியரே, கொக்கு விஷயமாக உமக்கும் ஏதோ முறையீடு உண்டாமே?" என்று கேட்டார்.

"கொக்கா? எந்தக் கொக்கு அரசே? நான் கொக்கைப் பார்த்ததே இல்லை," என்றார் வைத்தியர்.

சிலம்பாயி பட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வேலிய எப்ப பிடுங்குவாங்க மகாராசா? ஆடு நிக்காது," என்று மட்டும் கேட்டாள். பதில் வருவதற்குள் கிளம்பியும் விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் சாதாரண விகடகவி. மறுநாள் மதியம் சபை கூடியது. மல்லப்பர் இரண்டு காலிலும் செருப்போடு ஓரமாக நின்றார். அரசர் திண்டில் சாய்ந்ததும் ஆபத்சகாயம் தொண்டையைச் செருமினான்.

"அரசே, அதே காட்டின் ராஜாவைப் பற்றி நான் சொல்லவில்லை அல்லவா? அவர் ஒரு யானை. நல்ல யானை, தங்கமான மனது. முறம் போலக் காது. ஆனால் அந்தக் காது சபைப் பக்கம் மட்டும்தான் கேட்கும். சேவல் வந்து கூவியதும், யானை குப்பைமேட்டைத் தூக்கி அதன் கையில் கொடுத்துவிட்டது. மேட்டில் யார் இரை பொறுக்குகிறார்கள் என்று யானை கேட்கவே இல்லை."

சபையார் தலையைக் குனிந்துகொண்டார்கள். வைத்தியரின் முகம் மட்டும் வெகுநாள் கழித்து மலர்ந்தது. இன்றைக்கு இவன் தொலைந்தான்.

அரசர் மெதுவாகக் கேட்டார். "ஆபத்சகாயம், அந்த யானை நான்தானே?"

"எனக்கு எப்படித் தெரியும் அரசே? கொண்டித்தொழுவில் நிற்கிறது. உடையவர் திரும்பி நின்று மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். முறை எல்லாருக்கும் ஒன்றுதானே?"

அரசர் எழுந்தார். சபை பதறி எழுந்தது. அவர் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அந்த ராஜ்யத்தில் ஓர் அரசர் விகடகவிக்கு முதுகைக் காட்டி நின்றது அதுவே முதல் தடவை.

"முதல் அடையாளம். புலித்தோலை உற்றுப் பார்த்திருந்தால் அது வாள் குத்தா, கடப்பாரைக் குத்தா என்று தெரிந்திருக்கும். யானை பார்க்கவில்லை. இரண்டாவது, குன்றைக் கொடுக்கும் முன் ஒருதரம் அங்கே போய் வந்திருக்கலாம். போகவில்லை." அரசர் நிறுத்தினார். அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. "மூன்றாவது, வாசலில் ஆடு கத்தும் வரை யானை கதை கேட்டுக்கொண்டிருந்தது."

ஆபத்சகாயம் தரையில் விழுந்து வணங்கினான். கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் மாறவில்லை.

"மூன்றும் சரி, அரசே. யானை உங்களுடையதுதான். ஓட்டிக்கொண்டு போகலாம்."

அரசர் வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"ஒரு வேட்டி போதும் அரசே. என்னுடையதில் பாதி உங்கள் 'புலிக்குத்தி'யின் ஆட்டு வயிற்றில் இருக்கிறது."

பட்டில் பத்து வேட்டி வந்தது. அதற்குப் பிறகும் அவன் தினம் ஒரு கதை சொன்னான். தாம் அதில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்து திரும்பி நிற்க எவரும் துணியவில்லை. ஓணான்கரட்டுக்கு அவன் அடிக்கடி போய் வந்தான். ஆனால் பட்டு வேட்டியை மட்டும் அந்தப் பக்கம் கட்டிக்கொண்டு போனதே இல்லை.